மாட்டு உண்ணிக்கு மூலிகைக் கரைசல்: அளவு, செலவு, நாள் கணக்கு

சந்தையில் பிடித்து வந்த கறவை மாட்டோடு உண்ணியும் சேர்ந்தே வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வேப்பெண்ணெய் தடவு, பூண்டை அரைத்துப் பூசு, வசம்பைக் கரைத்து ஊற்று. எவ்வளவு என்று கேட்டால் "கொஞ்சம்" என்பார்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றால் "போற வரைக்கும்". இந்த இரண்டு பதிலையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அளவும் நாள் கணக்கும் பிடிபட எனக்கு நிறைய அலைச்சல் ஆனது. ஒன்றிரண்டு மாடு வாங்கிப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலிகைக் கரைசல் வேலை செய்யும். ஆனால் ஊசி போட்டோம், மறந்தோம் என்று இருக்க முடியாது. வாரம் தவறாமல் மாட்டின் மேலும் அடிக்க வேண்டும், கொட்டகையிலும் அடிக்க வேண்டும். அந்த ஒழுங்குக்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் கால்நடை டாக்டரிடம் போய்விடுவது நல்லது.

1. மாட்டில் இருப்பது என்ன என்று பாருங்கள்

காலை வெயிலில் மாட்டைக் கட்டி, கையால் தடவிப் பாருங்கள். காதின் உட்புறம், அலைதாடியின் மடிப்பு, முன்னங்கால் இடுக்கு, மடிக்கும் தொடைக்கும் நடுவில், வாலடி. உண்ணி பிடிக்கும் இடங்கள் இவை. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கண்ணுக்கு நன்றாகத் தெரியும். குஞ்சு உண்ணி கடுகைவிடச் சிறியது. விரல் நுனியில் மணல்போல நெருடினால் அதுதான்.

பேன் என்றால் கழுத்திலும் முதுகிலும் வால்மயிரிலும் இருக்கும். மாடு தூணில் உரசிக்கொண்டே நிற்கும். கடிக்கும் ஈ என்றால் மாடு காலை உதைத்துக்கொண்டும் வாலை வீசிக்கொண்டும் இருக்கும், கறக்கும்போது நிற்காது. இந்த மூன்றுக்கும் கீழே சொல்லும் முறைகள் பொருந்தும்.

பொருந்தாதவையும் உண்டு. முடி கொட்டி, தோல் தடித்து, செதில் செதிலாக உரிந்தால் அது சொறி. வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டு இருந்தால் படர்தாமரை. தோலில் கட்டி கட்டியாகக் கிளம்பி மாடு காய்ச்சலோடு நின்றால் பெரியம்மை வகையைச் சேர்ந்த தோல் கழலை நோயாக இருக்கலாம். இந்த மூன்றையும் நீங்களே முடிவு செய்யாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

2. உண்ணியின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

வாரம் ஒருமுறை ஏன் என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நம் மாடுகளில் அதிகம் காணும் உண்ணி வகை, குஞ்சாக ஏறி, மாட்டின் மேலேயே வளர்ந்து, ஏறக்குறைய 3 வாரத்தில் முழு உண்ணியாகிவிடும். வயிறு நிறைய ரத்தம் குடித்த பெண் உண்ணி தானாகக் கீழே விழும். விழுந்தது செத்துப்போகாது. சுவர் வெடிப்பிலோ, தீவனத் தொட்டியின் அடியிலோ, தரைப் பொந்திலோ போய் ஒதுங்கி 2,000 முதல் 3,000 முட்டை வரை இடும். அப்புறம்தான் சாகும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு, மாடு கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும்.

ஆக, இன்று மாட்டைச் சுத்தமாக்கினாலும் அடுத்த வாரம் கொட்டகையிலிருந்து புதுப் படை ஏறும். மூலிகைக் கரைசல் தோலில் வெகுநாள் தங்காது. வெயிலிலும் மழையிலும் அதன் வீரியம் போய்விடும். அதனால்தான் 7 நாளுக்கு ஒருமுறை. ஒரே ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டு "மூலிகை எல்லாம் சும்மா" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். குறைந்தது 4 வாரம் தொடர்ந்து செய்யுங்கள். மழைக்குப் பின் வெயில் அடித்துப் புழுக்கம் கூடும் நாட்களில் உண்ணி பெருகும். அந்த மாதங்களில் வாராந்திர வேலையை விடவே கூடாது.

3. பொருட்களும் செலவும்

தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் மரபுவழி கால்நடை மருத்துவத்தில் உண்ணிக்குப் பரிந்துரைக்கும் சேர்மானம் இதுதான். 1 லிட்டர் கரைசலுக்கான அளவு:

பூண்டு 10 பல்
வேப்பிலை ஒரு கைப்பிடி
வேப்பம்பழம் ஒரு கைப்பிடி
வசம்பு 10 கிராம்
மஞ்சள் தூள் 20 கிராம்
உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி
துளசி ஒரு கைப்பிடி

வேம்பும் துளசியும் உண்ணிச்செடியும் காசில்லாமல் கிடைக்கும். பூண்டும் மஞ்சள் தூளும் வீட்டில் இருக்கும். வசம்பு மட்டும் நாட்டு மருந்துக் கடையில் வாங்க வேண்டும். 100 கிராமாக வாங்கி வைத்தால் 10 லிட்டருக்கு வரும். எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 20 முதல் 30 ரூபாய் ஆகும், பூண்டு விலை ஏறாத வரை. ஒரு பெரிய மாட்டின் அடிப்பக்கம் வரை நனைய ஏறக்குறைய 1 லிட்டர் வேண்டும், சின்னக் கொட்டகைக்கு இன்னும் 2 லிட்டர். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு வாரம் 80 முதல் 120 ரூபாய் ஆகும். கையால் அழுத்தி அடிக்கும் 2 லிட்டர் ஸ்பிரேயர் 250 முதல் 400 ரூபாய். வயலுக்குப் பூச்சிமருந்து அடித்த பழைய ஸ்பிரேயரைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் உள்ளே மருந்து ஒட்டியிருக்கும்.

வேப்பம்பழம் ஆனி, ஆடியில்தான் கிடைக்கும். மற்ற மாதங்களுக்கு வேப்பங்கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூசணம் பிடிக்கும். போன பருவத்துக் கொட்டை போதும், அதற்கும் பழையதில் வீரியம் இருக்காது. பயன்படுத்துவதற்கு முந்தைய இரவு இடித்து ஊறவைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணிச்செடி தெரியாதவர்களுக்கு: வேலியோரம் புதராக மண்டி, மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். தண்டில் சொரசொரப்பாகச் சிறு முள் இருக்கும், இலையைக் கசக்கினால் காட்டமாக மணக்கும். இந்த இலை மாட்டின் வயிற்றுக்குள் போனால் விஷம். ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், வெயில் பட்ட இடத்தில் தோல் வெடிக்கும். பறித்த இலையைத் தீவனத் தொட்டி பக்கத்தில் வைக்காதீர்கள். வடிகட்டிய சக்கையையும் மாடு எட்டாத இடத்தில் குழி தோண்டி மூடுங்கள்.

4. கரைசல் தயாரிப்பது

வசம்பு கல் மாதிரி இருக்கும். அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். முதலில் உலக்கையால் இடித்து, சிறிது நேரம் நீரில் ஊறவிடுங்கள். மிக்ஸி என்றதும் ஒரு விஷயம்: சமையலறை மிக்ஸியை எடுத்தால் வீட்டில் சண்டை நிச்சயம். வசம்பு வாடை சட்னியில் நாள்கணக்கில் வரும். ஒரு பழைய ஜாரை இதற்கென்றே ஒதுக்குங்கள், அல்லது அம்மியில் அரையுங்கள்.

எல்லாவற்றையும் நன்றாக அரைத்து, 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கலக்கி, வடிகட்டுங்கள். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த வடிகட்டும் இடத்தில்தான். டீ வடிகட்டி போதாது. அதில் வடித்தால் ஸ்பிரேயரின் வாய் அடைத்துக்கொண்டே இருக்கும். மாட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊசியால் குத்திக்கொண்டிருக்க நேரிடும். பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்துப் பிழியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பூண்டும் உண்ணிச்செடியும் சேர்ந்தால் சிலருக்குக் கை எரியும்.

செய்த அன்றே தீர்த்துவிடுங்கள். மறுநாள் புளித்து நாறும், அடித்தால் ஈயைக் கூட்டிவரும். மொத்தமாகச் செய்து வைக்கும் யோசனை எல்லோருக்கும் வரும், ஆனால் இதில் அது நடக்காது. வேண்டுமானால் வசம்பை இடித்துத் தூளாக்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், அதற்கு மேல் முன்கூட்டித் தயாரிக்க ஒன்றுமில்லை.

அளவைக் கூட்டினால் சீக்கிரம் போகும் என்று வசம்பையும் பூண்டையும் இரட்டிப்பாக்காதீர்கள். உண்ணிக்கு முன்னால் மாட்டின் தோல்தான் எரியும்.

5. அடிக்கும் நாளும் நேரமும்

முதல் முறை என்றால் ஒரு நாள் முன்னதாகத் தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கை அளவு இடத்தில் தடவி, மறுநாள் வரை பாருங்கள். வீக்கமோ சிவப்போ இல்லையென்றால் தொடரலாம்.

நேரம்: காலைக் கறவை முடிந்து, வெயில் ஏறிய பிறகு. பத்து மணிவாக்கில் அடித்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். மாலையில் அடித்தால் ஈரத்தோடு இரவு முழுக்க நிற்கும். மழை வரும்போல் இருந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள். கறவைக்கு முன் மட்டும் அடிக்கவே கூடாது. பால் வாடையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், பூண்டு மணக்கும் பாலைச் சங்கத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். மாலைக் கறவைக்கு முன் மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

முதலில் மாட்டைக் குளிப்பாட்டி, நீர் வடிந்து உடம்பு காய்ந்ததும் அடியுங்கள். முடியின் போக்குக்கு எதிராக அடித்தால்தான் தோல் வரை இறங்கும். முதுகில் நிறைய அடித்துவிட்டு அடிப்பக்கத்தை விட்டுவிடுவது எல்லோரும் செய்வது. உண்ணி இருப்பதோ அடிப்பக்கத்தில். காது, முகம், கண்ணைச் சுற்றிய பகுதி, வாலடி ஆகியவற்றில் ஸ்பிரே வேண்டாம், துணியை நனைத்துத் துடையுங்கள். கண், மூக்கு, திறந்த புண் ஆகியவற்றில் படக்கூடாது. கன்றுக்குட்டிக்குக் கரைசலைப் பாதி வீரியத்துக்கு நீர்த்து, துணியால் மட்டும் தடவுங்கள். தாய்மாடு நக்கிக் கொடுக்கும் என்பதால் காயும்வரை இரண்டையும் பிரித்துக் கட்டுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று நாளைக்குக் குளிப்பாட்டாமல் இருங்கள். எருமை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சிரமம். குட்டையில் இறங்கினால் எல்லாம் போச்சு. குட்டைக்குப் போய்வந்த பிறகு அடித்து, அன்று கட்டியே வையுங்கள்.

பெரிய உண்ணிகள் ஓரளவே இருந்தால் இடுக்கியால் தலையோடு பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீர் டப்பாவில் போடுங்கள். நகத்தால் நசுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அது வேண்டவே வேண்டாம். உண்ணியின் ரத்தம் வழியே மனிதருக்குத் தொற்றும் நோய்கள் இருக்கின்றன. கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் 2011-ல் குஜராத்தில் உறுதியானது. அதைப் பரப்புவது மாட்டில் ஒட்டும் ஒருவகை உண்ணிதான்.

6. கொட்டகை

பாதி வேலைக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. மாட்டின் மேல் தெரிவது மொத்த உண்ணியில் சிறு பங்கு. முட்டையும் குஞ்சும் தரையிலும் சுவரிலும் கிடக்கின்றன.

ஒரு நாள் ஒதுக்கி, மாடுகளை வெளியே கட்டிவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். செங்கல் இடுக்கு, தூணும் தரையும் சேரும் இடம், தொட்டியின் அடி, கீற்று செருகிய மூங்கில் கட்டு, ரப்பர் பாய் போட்டிருந்தால் அதன் அடி. பழுப்பாகப் பளபளக்கும் கொத்து தெரிந்தால் அது முட்டை. சுரண்டி எடுத்து எரித்துவிடுங்கள். வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். ஒரு மூட்டை சிமென்ட், ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலி, ஒரே தடவைச் செலவு. கரைசலுக்கு ஆகும் எந்தச் செலவையும்விட இது பலன் தரும் என்பது என் கருத்து. காசு கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் முதலில் இதற்கே செலவழியுங்கள்.

அப்புறம் சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். வாரம்தோறும் மாட்டுக்கு அடிக்கும் அதே நாளில் இடுக்குகளிலும் கரைசலை அடியுங்கள். மாட்டுக்கு ஒரு நாள், கொட்டகைக்கு இன்னொரு நாள் என்று பிரித்தால் உண்ணி இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய்வந்துகொண்டே இருக்கும்.

நாட்டுக்கோழி நான்கைந்து இருந்தால் பகலில் கொட்டகைக்குள் விடுங்கள். கீழே விழுந்த உண்ணியைப் பொறுக்கித் தின்னும். கோழி எச்சம் தீவனத் தொட்டியில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக மாடு வாங்கினால் நேரே உள்ளே கட்டாதீர்கள். 3 வாரமாவது தனியே கட்டி, வந்த அன்றே ஒருமுறையும் பிறகு வாராவாரமும் கரைசல் அடித்து, உண்ணி இல்லை என்று தெரிந்த பிறகு சேருங்கள்.

7. ஈக்கும் கொசுவுக்கும்

உண்ணிக் கரைசல் ஈயையும் கொஞ்சம் விரட்டும், ஆனால் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. ஈக்கு வேப்பெண்ணெய் நல்லது. 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 கிராம் காதி சோப்பைக் கரைத்து, 20 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். பால்போல் வெளுத்து வந்தால் சேர்ந்துவிட்டது. மேலே எண்ணெய் மிதந்தால் சோப்பு போதவில்லை. ஈத்தொல்லை அதிகமுள்ள நாட்களில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கால்களிலும் வயிற்றிலும் தெளிக்கலாம். வேப்பெண்ணெயை நீர்க்காமல் உடம்பு முழுக்கப் பூசி வெயிலில் விடாதீர்கள், தோல் பொசுங்கும். செக்கு எண்ணெய் லிட்டர் 300 ரூபாய்க்கு மேல் போகும். பாதி விலைக்குக் கிடைப்பதில் வேறு எண்ணெய் கலந்திருக்கும்.

மாலைப் புகைமூட்டத்துக்குக் காய்ந்த வேப்பிலை, நொச்சி, தும்பை போதும். காற்று வரும் பக்கம், கொட்டகைக்கு வெளியே, பழைய இரும்புச் சட்டியில் போடுங்கள். உள்ளே அடைத்துப் புகை போட்டால் கன்று இருமும், வைக்கோல் பக்கத்தில் போட்டால் கொட்டகையே போகும். புகை அணைந்ததும் கொசு திரும்பிவிடும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கடிக்கும் கொட்டில் ஈ சாணியும் கோமியமும் சேர்ந்து ஊறிய வைக்கோலில்தான் முட்டையிடும். கழிவு வைக்கோலை வாரம் ஒருமுறையாவது வாரி, எருக்குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை லிட்டர் எண்ணெய் தெளித்தாலும் ஈ குறையாது.

8. செய்யக்கூடாதவை

கழிவு ஆயில், மண்ணெண்ணெய், டீசல்: தோல் வெந்துவிடும், நக்கினால் விஷம்.

புகையிலைத் தண்ணீர்: பழைய ஆட்கள் சொல்வார்கள். நிகோடின் தோல் வழியாகவே உள்ளே போகும், கன்று தாங்காது.

சீத்தாப்பழ விதைத் தூள்: பேன் சாகும், உண்மைதான். ஆனால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், மாட்டுக்கும் சரி, அரைக்கிறவருக்கும் சரி.

ரசாயன மருந்தும் மூலிகையும் ஒரே நாளில்: டாக்டர் சொல்லி டெல்டாமெத்ரின் மாதிரி மருந்து அடித்திருந்தால், மூலிகையை எப்போது தொடங்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொன்ன அளவைக் குறைத்து அடிப்பதும் தப்பு. அரைகுறை அளவில் பிழைத்த உண்ணி அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

லேபிள் இல்லாத "ஹெர்பல்" பாட்டில்: கடையில் தருவார்கள், உள்ளே என்ன என்று கேட்டால் மூலிகை என்பார்கள். உட்பொருள், உரிம எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி நான்கும் பாட்டிலில் இல்லையென்றால் வாங்காதீர்கள். வாங்கினால் பில் கேளுங்கள். மூலிகை என்ற பெயரில் பூச்சிமருந்து கலந்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

9. எழுதி வைக்க வேண்டியவை

20 ரூபாய்க்குக் கிடைக்கும் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். மாட்டுக்கு ஒரு பக்கம். மேலே காதுத் தோட்டின் 12 இலக்க எண், வாங்கிய தேதி, கடைசியாக ஈன்ற தேதி, சினை ஊசி போட்ட தேதி. கீழே ஒவ்வொரு வாரமும்: தேதி, அடித்தது என்ன, ஒரு காதிலும் ஒரு பக்கத் தொடை இடுக்கிலும் எண்ணிய உண்ணி எத்தனை, அன்றைய பால் எத்தனை லிட்டர். எண்ணிக்கை வாராவாரம் இறங்க வேண்டும். 4 வாரம் ஆகியும் அதே இடத்தில் நின்றால் கொட்டகையில் எங்கோ விட்டிருக்கிறீர்கள், அல்லது மேய்ச்சலில் ஏறுகிறது.

காப்பீடு எடுத்திருந்தால் பாலிசி, காதுத் தோடு எண், டாக்டரின் சிகிச்சைச் சீட்டுகள் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். மாடு இறந்தால் தோடும், டாக்டர் தரும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள். வீட்டு வைத்தியம் மட்டும் பார்த்து, எங்கும் காட்டாமல் மாடு போய்விட்டால் இழப்பீடு கேட்பது கஷ்டம். தோடு அறுந்து விழுந்தால் அன்றே கால்நடை மருந்தகத்திலும் காப்பீட்டு அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள்.

10. எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும்

உண்ணி ரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை, காய்ச்சலையும் கொடுத்துவிட்டுப் போகும். தைலேரியா, பபேசியா, அனபிளாஸ்மா மூன்றும் உண்ணி வழியே வருபவை. கலப்பின மாடுகளைத்தான் இவை அதிகம் தாக்கும். எந்த இலையைத் தெளித்தாலும் இந்தக் காய்ச்சல் தீராது. 150 ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். மாட்டுக்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு.

103.5-ஐத் தாண்டினால், முன்தோளுக்கு முன்னால் நெறிகட்டினால், சிறுநீர் காபி நிறத்தில் போனால், ஈறும் கண்ணின் உள்இமையும் வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், தீனி எடுக்காமல் மூச்சு வாங்கினால், அன்றே கூப்பிடுங்கள். ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மருந்து போடுவதற்கு முன்பே எடுத்தால்தான் கிருமி தெரியும். கறவை மாட்டுக்கு ஊசி போட்டால் எத்தனை நாள் பாலை ஊற்றக்கூடாது என்பதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஐவர்மெக்டின் போன்றவை பாலில் வெகுநாள் தங்கும்.

அரசு கால்நடை மருந்தகம் காலையிலேயே கூட்டமாகிவிடும், முன்கூட்டிப் போங்கள். ஆவின் சங்க உறுப்பினர் என்றால் மாவட்டப் பால் ஒன்றியத்தின் டாக்டர் உங்கள் பக்கம் எந்த நாளில் வருகிறார் என்று சங்கச் செயலாளரிடம் கேட்டு வையுங்கள். நடக்க முடியாத மாடு என்றால் தமிழ்நாட்டில் 1962-க்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். ஊர், ஒன்றியம், அருகிலுள்ள அடையாளம், மாட்டின் காய்ச்சல் அளவு, சினையா இல்லையா என்பதைத் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். நோட்டு கையில் இருந்தால் எல்லாம் அதிலேயே இருக்கும்.